இருட்டைப் பார்க்க எகிப்துக்கு

சூரியனை நேருக்கு நேர் முறைத்துவிட்டுக் கண் கெடாமல் திரும்புகிற ஆள் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒருத்தர்தான். என் இட்லிக் கடைக்கு எதிர்த்தாற்போல் பட்டறை வைத்திருக்கும் வெல்டிங் அண்ணாச்சி. வயசில் எனக்கு இளையவர். ஆனாலும் தெருவே அண்ணாச்சி என்கிறபோது நான் மட்டும் மாற்றிச் சொல்வானேன்?

பதினாறு வருசத்துக்கு முந்தி நம்ம ஊரில் சூரியன் வளையல் மாதிரி ஆச்சே, அந்தக் கிரகணத்தன்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அண்ணாச்சி மட்டும், இருக்கிறதிலேயே கறுத்த கண்ணாடி போட்ட வெல்டிங் முகமூடியோடு நடுத்தெருவில் நின்றார்.

"பத்து நிமிசந்தான் இருக்கும். வந்து பாருங்க. கண்ணுக்கு நான் பொறுப்பு!"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முகமூடி கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் அவர் கைக்கு வந்தபோது வளையல் உடைந்து போயிருந்தது.

அன்று பிடித்தது அவருக்குக் கிரகணப் பைத்தியம். இப்போது, வருகிற வருசம் ஆடியில் எகிப்து தேசத்தில் சூரியன் முழுசாக மறையுமாம். பட்டப்பகலில் ஆறு நிமிசம் இருட்டு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் என் கடையில் உட்கார்ந்துதான் கேட்டார்.

"எதுக்கு வே எகிப்து?"

"ஆறு நிமிசம் இருட்டு பாக்கணும் சார்."

"இங்கனயே தெனமும் ஒரு மணி நேரம் கரண்டு போகுதுல்லா?"

அண்ணாச்சி அதையும் யோசித்துப் பார்த்தார். "அதுல பகல்ல நட்சத்திரம் தெரியாது சார்."

டிராவல்ஸ்காரர் வேறு, "ஆகஸ்ட்ல அங்கன வெயில் கொளுத்தும் அண்ணாச்சி, டிசம்பர்ல போங்க" என்றிருக்கிறார்.

"சரி. கிரகணத்தையும் டிசம்பருக்கு மாத்திக் குடும்" என்றாராம் இவர்.

டிக்கெட்டு பேசி முடித்தபிறகு நான்தான் சொன்னேன். "அன்னைக்கு ஆடி அமாவாசையாச்சே?"

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. "எப்படி ஆச்சி கண்டுபிடிச்சீக?"

நான் மூணாங்கிளாசோடு நிறுத்தினவள். இருந்தாலும் சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், ஆடியில் வந்தால் அது ஆடி அமாவாசை. இதற்குப் படிப்பு எதற்கு?

அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அவர் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைக்குப் போகாத ஆடி அமாவாசை கிடையாது. ரெண்டு நாள் பட்டறை திறக்கவில்லை. பயணம் போச்சு என்றுதான் நினைத்தேன். மூணாம் நாள் ஒரு இரும்பு டப்பாவோடு வந்து நின்றார்.

"தாமிரபரணித் தண்ணி ஆச்சி. எள்ளும் கொண்டு போறேன். அங்கன ஆத்தங்கரையிலயே அம்மைக்கு விட்டுருவேன். ஒரு சொட்டு சிந்தாது, சுத்தி வெல்டு வச்சாச்சு."

"தொறக்கது எப்படி வே?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டு, "விமானத்துல கட்டிங் மிஷின் ஏத்த விடுவாகளா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். நான் ஒரு திருகுமூடி பாட்டிலைக் கழுவிக் கொடுத்தேன்.

இப்போது பட்டறையில் கறுப்புக் கண்ணாடிக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றல்ல, பத்து.

"அங்கன வாரவுக கேட்டா குடுக்கணும்லா ஆச்சி?"

"யார் கேட்டாலும் குடுக்காதேயும்! மொதல்ல நீரு பாரும்!" என்று சத்தம் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கு அந்த முகமூடியைக் கடைசியாக வாங்கினவள் நான்தான். வளையல் உடைகிறவரைக்கும் கழற்ற மனசு வரவில்லை. பக்கத்திலேயே நின்ற மனுசன், "போதும், தாங்க ஆச்சி" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.