கொசு சாரும் அஞ்சலையக்காவின் ஒரு சொட்டு இரத்தமும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைக் குத்தியவர் எங்கள் இயற்பியல் பேராசிரியர்தான். கல்லூரி முழுக்க அவருக்குக் கொசு சார் என்றுதான் பெயர். உண்மைப் பெயர், அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கே மறந்துவிட்டது.

அவர் கையில் எப்போதும் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள். ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து ஒளி பாய்ச்ச வேண்டும். புற்றுநோய் செல் இருந்தால் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியின் நிறம் மாறி, இயந்திரத்தின் திரையில் கோடு எகிறும். ஆறு வருடமாக இதுதான் அவருக்குச் சோறு, தூக்கம், குடும்பம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியமான இரத்தம் வேண்டுமென்று ஊசியோடு திரிவார். அவர் வராந்தாவில் தென்பட்டால் கல்லூரி முதல்வரே கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

ஒருமுறை கரியாலூருக்கு இரத்தம் சேகரிக்கப் போனோம். "பயப்படாதீங்க, இதுல தங்கம் கீது!" என்று மைக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஊரே திரண்டது. ஒருவர் மனைவியின் தோட்டைக் கழற்றி நீட்டினார். "சார், இது நெஜத் தங்கமா, இல்ல என் மச்சான் ஏமாத்திட்டானா?"

கொசு சார் வெயிலில் பிடித்துப் பார்த்து, "செம்பு ஜாஸ்திங்க" என்றார். மச்சான் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே இரத்தம், கொசு சாரின் மூக்கிலிருந்து வந்தது.

பிறகுதான் விடுதியில் சமைக்கும் அஞ்சலையக்கா மாட்டினார்.

"சீக்கிரம் குத்திக்கோங்க சார், கொழம்பு கொதிக்கிது" என்று விரலை நீட்டினார். திரையில் கோடு எகிறியது. இயந்திரம் முதன்முறையாக எதையோ பிடித்துவிட்டது. கொசு சாரின் முகமோ வெளுத்துப்போனது.

"அக்கா, கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னா சார், நல்லாத்தான கீறேன்?"

பரிசோதனை முடிவு வர நாலு நாள் ஆனது. அதுவரை அக்காவை அடுப்பருகே விடாமல் சாரே சமைத்தார். அந்தச் சாம்பாரைத் தின்ற மாணவர்கள், அக்கா நலமாக வேண்டுமென்று கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள். ஆய்வகத்தில் சார் இயந்திரத்தைக் கும்பிட்டு, "தப்பா சொல்லிட்டேன்னு ஒத்துக்கடா, நான் திட்டமாட்டேன்" என்று கெஞ்சியதை நானே பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மருத்துவர், "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு, "நகத்துல இன்னா, இவ்ளோ மஞ்சக் கறை?" என்று கேட்டார்.

கொசு சார் தலையில் அடித்துக்கொண்டார். குழம்புக்கு மஞ்சள் போட்ட கை! அவசரத்தில் ஸ்பிரிட்டால் துடைக்காமலே குத்தியிருக்கிறார். ஒளி பட்டு மினுங்கியது மஞ்சள்.

"என் மெஷின் தப்பு! என் மெஷின் தப்பு!" என்று வராந்தாவில் குதித்தார். நோயாளிகள் எழுந்து வழிவிட்டார்கள். குதித்தவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே, இன்னாத்துக்கு சார் அழுதுகினு கீறீங்க?" என்று அக்கா அதட்டினார்.

நான் என் கைக்குட்டையை அவரிடம் நீட்டினேன். முகத்தையும் மூக்கையும் துடைத்துவிட்டு அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதை அவரிடமிருந்து திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவே இல்லை.