மறியலுக்குப் பயந்து மூங்கில்துறைப்பட்டு போன கதை

பயப்படுவதில் என்னை மிஞ்ச கள்ளக்குறிச்சியில் ஆள் கிடையாது. மற்றபடி நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, புளி மண்டி வைத்துப் பிழைத்தவன்.

செல்வி எங்கள் வளர்ப்பு மகள். கல்வராயன் மலையிலிருந்து மண்டிக்குப் புளி கொண்டுவந்த அவளுடைய அப்பா இறந்ததும், நானும் என் மனைவி ஜமீலாவும் அவளைக் கொண்டுவந்து வளர்த்தோம். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் கோட்டைவிட்டாள். "செப்டம்பர்ல எழுதி பாஸானா மேல படிக்கட்டும் பாய். இல்லன்னா மலைக்கு அனுப்பிடுங்க, காட்டு வேலைக்கு ஆள் வேணும்" என்று அவளுடைய சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். (அவர் பஸ் ஏறுவதற்குள் நான் கணக்கு நோட்ஸ் வாங்கிவிட்டேன்.)

உடனே பயிற்சியை நானே கையில் எடுத்தேன். நோட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கணக்குகளை வரி பிசகாமல் ஒப்பிக்கச் சொன்னேன்.

"பாயப்பா, பரிட்சைல நம்பர மாத்திக் குடுப்பாங்க."

"அப்போ எல்லா நம்பருக்கும் மனப்பாடம் பண்ணு."

(நான் மண்டிக்குப் போன பிறகுதான் அவள் உண்மையில் படித்தாள் என்பது பின்னால் தெரிந்தது.)

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. பரீட்சை வாரத்தில் மறியல் என்று பேச்சு வந்தது. பஸ் ஸ்டாண்டில் போலீஸ் வேன் நின்றது. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அங்கே மணி அடித்தால் எங்கள் அடுப்பங்கரையில் கேட்கும். ஆனாலும் டவுனில் கலாட்டா வந்தால் பிள்ளை எப்படிப் படிக்கும்? மூங்கில்துறைப்பட்டில் என் சகலை இருந்தார். சர்க்கரை ஆலையில் கரும்பு அரைப்பு இல்லாத மாதம், ஊரே அமைதியாக இருக்கும். ஜமீலா "வேணாங்க" என்றாள். நான் கேட்காமல் செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

அந்தச் சாயங்காலம் பஸ் வரவில்லை. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

விடிவதற்கு முன்பே சகலையின் சைக்கிளில் செல்வியை உட்காரவைத்துக் கிளம்பினேன். சாலையின் குறுக்கே கிடந்த முதல் புளியமரத்தின் மேல் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஒருவர் இறங்கி வந்தார்.

"எங்க பாய் போறீங்க?"

"பரிட்சைக்கு. கள்ளக்குறிச்சிக்கு."

"வூடு எங்க?"

"அதுவும் கள்ளக்குறிச்சிதாங்க."

"அப்போ இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

நான் குனிந்து சைக்கிள் செயினைச் சரிபார்த்தேன். செல்விதான் சொன்னாள்: "மறியல் வரும்னு பயந்துகினு இங்க வந்துட்டோம்ணா."

மரத்தின் மேல் இருந்தவர்கள் சிரித்ததில் கீழே விழாத குறை. "டவுனுக்குள்ள வெட்டறதுக்கு ஏது பாய் மரம்? எங்க ஊர்லதான மரம் இருக்குது" என்றார் அவர். பிறகு ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "நாம படிப்புக்கோசரம்தான் ரோட்ல குந்திக்கினு இருக்கோம். படிக்கிற பொண்ண நிறுத்தலாமா? சைக்கிள தூக்குங்கடா."

சைக்கிள் மரத்தைத் தாண்டியது. பிறகு நான் தாண்டினேன். (என்னையும் தூக்கத்தான் வேண்டியிருந்தது.) அடுத்த மரத்துக்கு எங்களுக்கு முன்பே செய்தி போயிருந்தது. "மறியலுக்கு பயந்த பாய் வராருடா" என்று எழுந்து நின்று வரவேற்றார்கள். சங்கராபுரம் தாண்டியதும் எனக்கு மூச்சு வாங்கியது. செல்வி என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தாள். நான் சும்மா வராமல் சூத்திரங்கள் கேட்டேன்.

"இறக்கி வுட்டுடுவேன் பாயப்பா."

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருந்தது. என் பச்சை பெல்ட்டுக்குள் வியர்வையில் ஊறிக் கிடந்த ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். நான் கிழிந்த கைலியோடு கேட்டருகே சரிந்து உட்கார்ந்தேன். எங்கள் வாசலில் நின்று ஜமீலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, எதிர்த்தாப்புல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு வர இவ்ளோ நேரமா?"

செல்வி பாஸானாள். அவளைக் கூட்டிப்போக வந்த சித்தப்பா தனியாகத்தான் மலை ஏறினார். இன்று அவள் வெள்ளிமலைப் பக்கம் டீச்சர். அவளுடைய மகள் எங்கள் வீட்டில் தங்கி, அதே எதிர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இந்த வருடம் பரீட்சைக்கு முதல் நாள், மழை வரும் போலிருக்கிறதே என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். மகளுக்காக மலையிலிருந்து வந்திருந்த செல்வி எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உள்ள போய் உக்காருங்க பாயப்பா. டவுனுக்குள்ள இன்னும் மரம் மொளைக்கல."