புளூடூத் எழாத ஞாயிறு

டக்.

சுவரில் ஸ்விட்ச் அணைகிற சத்தம், அவ்வளவுதான். உங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அடிவயிற்றில் விழுகிற கூழாங்கல். அலுவலகத்திலோ பக்கத்து ஃப்ளாட்டிலோ யாராவது டக்கென்று அணைத்தால் போதும், புனே நிக்டியில் என் மாமனார் வீட்டு ஹாலில், டிவி ஸ்டாண்டுக்கு அடியில், நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு முப்பத்தொன்பது வயது ஆசாமி எனக்குள் மறுபடி தவழ ஆரம்பித்துவிடுகிறான். இன்னும் அவனுக்கு வியர்த்துக்கொண்டிருக்கிறது.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடையில் கிடைக்கிற எதையும் கடையில் வாங்க மனம் வராத வியாதி எனக்கு உண்டு. (என் மனைவி மாலா இதை வியாதி என்று சொல்லமாட்டாள். அவள் சொல்லும் வார்த்தை அச்சில் வராது.) சாங்வியில் எங்கள் வீட்டு அழைப்பு மணி நான் செய்தது, மழை பெய்தால் தானாக அடிக்கும். செடிக்குத் தண்ணீர் விடும் கருவி நான் செய்தது. ஒருமுறை அது சோபாவுக்கு விட்டது. இப்படிப்பட்டவனை நம்பித்தான் என் மாமனார் தன் இளைய மகளின் கல்யாணப் பேச்சை ஒப்படைத்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலூரிலிருந்து இருபது வயதில் பூனாவுக்கு வந்தவர். (அவருக்கு இன்றும் பூனாதான்.) பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் இரும்புத் தகடுகளை அறைந்து அறைந்து வளைத்தார். தகடுகள் கார்களாகி ஊரெல்லாம் ஓடின. பதிலுக்கு அந்த அறைச்சத்தம் அவர் காதுகளை எடுத்துக்கொண்டது. ஆனால் 'காது கேட்காது' என்ற இரண்டு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. கருவி வைத்துக்கொள்ளச் சொன்னால், "அரே, எல்லாரும் வாய்க்குள்ள பேசறீங்க, நான் என்ன பண்றது" என்பார்.

மைத்துனி சுஜாவுக்கு ஈரோட்டில் ஒரு வரன். பையன் பெயர் பிரபு. சுஜாவும் அவனும் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், இருவருக்கும் பிடித்திருந்தது. பெரியவர்கள் ஒருமுறை வீடியோவில் பேசிக்கொண்டால் மேலே போகலாம் என்ற கட்டம். மாமா என்னைத் தனியாக பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"மாப்ளே, அவங்களுக்குத் தெரியக்கூடாது."

"எது மாமா?" என்று காதருகே கத்தினேன்.

"அதான்" என்று காதைக் காட்டிவிட்டு, கீழே பூத்திருந்த குல்மொஹரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து யாராக இருந்தாலும் ஒரு ஹெட்போனை வாங்கி போனோடு இணைத்துக் கொடுத்திருப்பார்கள். மூன்று நிமிட வேலை. நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். உள்ளங்கை அகலத்தில் லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன போர்டு. அதை டிவியில் மாட்டினால் ஈரோட்டுக்காரர்கள் பெரிய திரையில் பெரிய முகங்களாக வருவார்கள். டிவி தலையில் கேமரா. கேம்ப் கடைத்தெருவில் அலைந்து வாங்கிய ஹெட்போனுக்கு போர்டிலிருந்து புளூடூத் வழியாகச் சத்தம். குரல்களைக் கூட்டி, இரைச்சலைக் கழித்து, மாமாவின் காதுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சத்தம்.

சாங்வியில் சோதித்தேன். 'ரீபூட்' என்று தட்டினால் போர்டு ஒரு கணம் கண் மூடித் திறக்கும், புளூடூத் எழும், ஹெட்போனுக்குள் ஒரு பெண் "கனெக்டட்" என்பாள். இருபது முறை ரீபூட் செய்தேன். இருபது முறையும் வந்தாள். அவள் குரலைக் காதலிக்கவே ஆரம்பித்திருந்தேன் என்று வையுங்கள்.

முந்தின ஞாயிறு நிக்டியில் மாட்டிவிட்டு, மாமாவை உட்காரவைத்து செய்தி போட்டுக் காட்டினேன். ஹெட்போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கேட்டார். அத்தையைத் திரும்பிப் பார்த்து, "நல்லா தெளிவா பொய் சொல்றான்" என்றார். அன்று நான் சாங்விக்கு ஸ்கூட்டரில் போகவில்லை, மிதந்து போனேன். கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் எதையும் தொடாதீங்க மாமா."

"தொடமாட்டேன்."

அந்த ஞாயிறும் வந்தது. ஈரோட்டுக் காலண்டர்படி நல்ல நேரம் பத்தே முக்கால். பத்தரைக்கு நாங்கள் நுழைந்தபோது வீடு முழுக்க நெய் வாசனை. அத்தை கேசரி கிண்டியிருந்தார். (அவர் ஷீரா என்பார். இந்த ஒரு வார்த்தைக்காக எனக்கும் அவருக்கும் பதினைந்து வருட வழக்கு.) மாமா இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், ஹெட்போனைக் கிரீடம்போல் சூடிக்கொண்டு, டிவிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். போர்டில் விளக்கு எரிந்தது. திரை வந்தது. படம் வந்தது.

அந்தப் பெண் மட்டும் வரவில்லை.

"மாமா, எதையாவது தொட்டீங்களா?" என்று காதருகே கத்தினேன்.

"தொடல."

"ஒண்ணுமே?"

"அதான் சொல்றேனே, தொடலன்னு."

லேப்டாப்பைத் திறந்து போர்டுக்குள் போனேன். புளூடூத் சிப்பைக் கூப்பிட்டேன், பதில் வரவில்லை, நேரம் கடந்தது என்று ஒரு வரி. அதன் கீழே அதே வரி. அதன் கீழேயும் அதே வரி. ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி யாரும் இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போகிற தபால்காரனின் டைரி மாதிரி. புளூடூத் சேவையை நிறுத்தித் தொடங்கினேன். தோல்வி. மறுபடி. தோல்வி. என் விரல்கள் எழுத்துகளை மறக்கத் தொடங்கின. ரீபூட் செய்து பார்க்கலாம் என்று விரலை வைத்த அதே நொடியில் அழைப்பு வந்துவிட்டது.

இனி ரீபூட் கிடையாது. அழைப்பு ஓடுவதே அந்த போர்டில்தான்.

டிவியின் சொந்த ஸ்பீக்கரில், எங்களுக்குத் தெளிவாகவும் மாமாவுக்குக் குழம்பாகவும், ஈரோடு பேச ஆரம்பித்தது. நான் லேப்டாப்போடு தரையில் சரிந்து, கேமராவில் படாமல் டிவி ஸ்டாண்டின் அடியில் புகுந்தேன். அத்தை மாமாவின் பக்கத்தில். மாலா சமையலறை வாசலில். சுஜா கூப்பிட்டால் வருவதற்காக உள்ளறையில்.

"வணக்கமுங்க. சாப்பிட்டீங்களா?" என்றார் பிரபுவின் அப்பா.

இதை உதட்டசைவிலேயே பிடித்துவிட்டார் மாமா. "ஆச்சுங்க, ஆச்சு." நானும் மூச்சு விட்டேன்.

பிரபுவின் அம்மா முன்னால் நகர்ந்து அன்பாகக் கேட்டார். "பொண்ணுக்கு என்ன புடிக்குமுங்க?"

மாமா யோசித்தார். "எண்ணெயா? அவ எண்ணெயே தேய்ச்சிக்கமாட்டாங்க. தேய்ச்சா உடனே சளி புடிச்சிக்கும்."

அத்தை அவர் தொடையைக் கிள்ளினார். திருத்த முடியாது, திருத்தினால் ரகசியம் வெளியே வரும். நான் இன்னொரு கட்டளையைத் தட்டினேன். மறுபடி அதே வரி: நேரம் கடந்தது.

"அப்படீங்களா" என்று இழுத்தார் அந்த அம்மா. பிரபுவின் அப்பா பேச்சை மாற்றினார். "பையன் அங்க வந்து எல்லாரையும் பாக்கோணும்கிறான். எப்ப வரட்டுங்க?"

"வறட்டு இருமல்தாங்க. போன வாரம்தான் ஆரம்பிச்சது. பூனா தூசி."

உள்ளறையில் ஏதோ கீழே விழுந்தது. சுஜாவாக இருக்கக்கூடும்.

"சரிங்க… ஜாதகம் மட்டும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்க."

"பாதகமில்லீங்க. படுத்தா மட்டும்தான் ஜாஸ்தி."

ஈரோட்டில் இரண்டு முகங்களும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. மூன்று மாதமாக இரண்டு பேர் கட்டிய ஒன்றை நான் ஆறு நிமிடத்தில் ஒரு நோயாளியின் படுக்கையாக மாற்றிக்கொண்டிருந்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையில் அந்த வரி, கீழே அந்த வரி.

அப்போது மாமா நேராகக் கீழே குனிந்து, ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார். "மாப்ளே, வந்துச்சா?"

"யாருங்க அது, கீழ?" என்றது ஈரோடு.

பதறி எழுந்தேன். தலை ஸ்டாண்டில் மோதியது. டிவி குலுங்கியது. நானே இரண்டு பக்க டேப் போட்டு ஒட்டிய கேமரா கழன்று, ஒயரில் தொங்கி, ஒரு பெண்டுலம் போல ஆடி, கடைசியில் என்னைப் பார்த்து நின்றது. திரையின் மூலைச் சதுரத்தில் நானும் பார்த்தேன். ஈரோட்டுக்கு என் முதல் அறிமுகம் முகமாக இல்லை. பின்பக்கமாக இருந்தது. அதுவும் அசைந்துகொண்டிருந்தது.

சுஜா வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கேமராவை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஒரு நிமிஷங்க. பொண்ணுக்குச் சளியும் இல்ல, இருமலும் இல்ல. எனக்குக் காது கேக்காதுங்க. பிரஸ் ஷாப்ல போயிடுச்சி. நீங்க கேட்டது ஒண்ணுமே எனக்கு விழல. நானா பதில் சொன்னேன்."

பிரபுவின் அப்பா எழுந்து திரையை விட்டுப் போனார். காலி நாற்காலி. நான் அந்த நாற்காலியைப் பார்த்த மாதிரி என் வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை. அதன் பிளாஸ்டிக்கில் இருந்த கீறல் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அவர் திரும்பி வந்தார். கையில் கிழித்த மாதக் காலண்டர் தாள், ஸ்கெட்ச் பேனா. உட்கார்ந்து, நிதானமாக எழுதி, தாளைத் திருப்பிக் காட்டினார். டிவி முழுக்கக் கொட்டை எழுத்துகள்.

பொண்ணுக்கு என்ன புடிக்கும்?

மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். சுஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றார். "அவ சொல்றது இத்தனை நாளா எனக்குச் சரியா விழல. இனிமேதான் கேக்கணும்."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் ஈரோடு எழுதியது, நிக்டி வாசித்தது. ஒரு வருடக் காலண்டரில் ஏழு மாதம் தீர்ந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் தேவலை.) மூன்று வாரமும் முப்பது தோல்விகளும் போட்டுச் செய்த என் கருவியை, ஒரு ஸ்கெட்ச் பேனா ஜெயித்துவிட்டுப் போனது.

அழைப்பு முடிந்தது. அத்தை எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். எனக்குச் சின்னக் கிண்ணம். மாமா எழுந்தார், சுவரருகே போனார்.

டக்.

டிவி, போர்டு, எல்லாம் செத்தது. எனக்குள் ஏதோ ஒன்று எரிந்தது.

"மாமா," என்று கத்தினேன், "இத தினமும் அணைப்பீங்களா?"

"தினமும். ஏன்?"

"எதையும் தொடலன்னு சொன்னீங்களே?"

"ஸ்விட்ச்ச மட்டும்தான் அணைச்சேன். அது தொடுறதா?"

இருபது முறையும் நான் செய்தது ரீபூட். ரீபூட்டில் மின்சாரம் போவதில்லை. சிப், தான் யாரென்பதை மறப்பதில்லை. சுவரில் அணைத்துப் போட்டால் அது எல்லாவற்றையும் மறந்து எழுகிறது. அதற்கு மறுபடி சொல்லிக்கொடுக்கப் பத்து விநாடி ஆகும். என் நிரலோ, கண் திறக்கும் முன்பே 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று உலுக்கியதில் சிப் பாதியிலேயே உறைந்துபோனது, பிறகு எத்தனை முறை தட்டினாலும் எழவில்லை. சாங்வியில் ஒரே ஒருமுறை நான் பிளக்கைப் பிடுங்கியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ஸ்லீப் 10. எழுப்பும் முன் பத்து விநாடி தூங்கவிடு. மாமாவே ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டார். ஹெட்போன் அவர் தலையில்தான் இருந்தது. சரியாகப் பத்தாவது விநாடிக்குப் பிறகு அவர் முகம் மாறியது.

"ஒரு பொம்பள பேசறா."

"என்னங்கறா?" என்றார் அத்தை.

"கனெக்ட் ஆயிட்டாளாம். இப்ப."

பிரபு இரண்டு வாரம் கழித்து நேரில் வந்தான். பையில் அம்மா கொடுத்தனுப்பிய செக்கு நல்லெண்ணெய் டின் ஒன்று, இருமல் மருந்து பாட்டில் ஒன்று. அந்த பாட்டில் திறக்கப்படாமல் சுஜாவின் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. மாமா மறு மாதமே காதுக்குக் கருவி வைத்துக்கொண்டார், கடையில் வாங்கியது. எங்கள் வீட்டில் யாராவது தூங்கி எழுந்து திருதிருவென்று விழித்தால் "ஸ்லீப் டென்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஈரோட்டில் என்னை 'கீழ இருந்தாரே அவரு' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். என் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. திரும்பி நின்றால் ஒருவேளை.

போன ஞாயிறும் நிக்டிக்குப் போயிருந்தோம். கிளம்பும்போது மாமா வழக்கம்போல லிஃப்ட் வரை வந்தார். மாலா லிஃப்டுக்குள் போய்விட்டாள். லிஃப்டின் கம்பிக் கதவை இழுக்கப் போனேன். அவர் பிடித்து நிறுத்தினார்.

"மாப்ளே, வீட்ல எதையும் தொடலயே?"

"இல்ல மாமா."

"ஸ்விட்ச்?"

"அது தொடுறதா மாமா?"