மயிலைக்காளையின் முதுகில் ஒரு சுழி

கொழிஞ்சாம்பாறை,
பிரபவ வருஷம் மாசி மாதம் 9-ந் தேதி

மகா கனம் பொருந்திய மைத்துனர் காளிச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை சுப்பாத்தாளுக்கு முப்பத்தாறு வருஷமாக அடங்கி நடந்துவரும் அப்புசாமி வணக்கமாய் எழுதிக்கொண்டது. இவ்விடம் இருவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

பொங்கலன்று எல்லார் முன்னிலையிலும் என் மயிலைக்காளையைத் தங்களுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். வருகிற புதன்கிழமை ஓட்டிப்போக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

ரோடு அளக்க வந்து நம் களத்தில் கூடாரம் அடித்திருந்த துரை, போகும்போது தன் வர்ணப்பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீரில் கரைத்து எழுதும் வர்ணம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது மச்சான், முதலில் கோழி எழுதினேன், தங்கள் தங்கை அதை மேகம் என்று எண்ணி மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாள், சரி காளையை எழுதுவோம் என்று உட்கார்ந்தால் பெட்டியில் வெள்ளையே இல்லை, திகைத்துப் போனேன், காகிதத்தைத் தொடாமல் விட்டால் அதுவே வெள்ளை என்று மெதுவாகத்தான் புரிந்தது, எங்கே விடுவது என்று பார்த்தால் வெள்ளை என்று நான் நினைத்திருந்த நம் மாட்டில் வெள்ளையே கொஞ்சந்தான், காலையில் திமிலுக்குக் கீழே நீலம், வயிற்றடியில் செம்மண்ணின் சிவப்பு ஏறி நிற்கிறது, நாலு வருஷமாக அதற்குத் தவிடு வைத்த என் கண் எங்கே போயிருந்தது? தொழுவத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். "ஏனுங்க, மாடு தண்ணிக்குக் கத்துது, நீங்க அந்தத் தண்ணியில சாயத்தக் கரைச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?" என்று தங்கள் தங்கை குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அந்த நேரம் பார்த்து மாட்டுத் தரகர் நாச்சிமுத்து வந்தார். சித்திரத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஏனுங்ணா, நடுமுதுகுல பாடைச்சுழியுங்க! இது பூந்த ஊட்டுல எழவு உழுகாம போகாதுங்க."

மாட்டையும் ஒருமுறை பாருமய்யா என்றேன்.

"சித்திரத்துலயே இத்தாப் பெருசாத் தெரியுது, மாட்ட வேற பாக்கோணுங்களா?" என்று தொழுவத்துப் பக்கமே திரும்பாமல் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே வந்து, காகிதத்தில் இருந்த சுழியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, மாட்டைப் பார்க்காமலே திரும்பிற்று. இப்படிப்பட்ட ஆபத்தைத் தங்கள் தொழுவத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வருமா? வருவது வரட்டும், நானே அனுபவித்துக்கொள்கிறேன்.

தங்கள் பட்டி பெருகட்டும், கிணறு வற்றாதிருக்கட்டும். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அப்புசாமி

பின்குறிப்பு: கடிதத்தைத் தங்கள் தங்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "எங்கண்ணனுக்குப் பொய்யெழுதற கைக்கு இன்னைக்குச் சோறில்லீங்க" என்கிறாள். ஆகையால் உள்ளதை எழுதுகிறேன். சுழி காகிதத்தில்தான் இருக்கிறது. தூரிகையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஈர வர்ணத்தில் விழுந்து சுழித்துக்கொண்டது, துடைக்கப் போனேன், பெரிதாயிற்று. மாட்டின் முதுகில் ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து எழுதின பிறகு கொடுக்க மனம் வரவில்லை மச்சான், அவ்வளவுதான். செவ்வாய் ராத்திரியே வந்துவிடுங்கள். புதன் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஓட்டிப்போகத் தங்களுக்கு மனம் வந்தால், கயிற்றை நானே அவிழ்த்துத் தருகிறேன்.