ராக்கெட் கழன்ற பிறகு

கிளைடர் கூடத்தின் மூலையிலிருந்து புறப்பட்டு, பாதி தூரம் ஒழுங்காக மிதந்து, மூக்கைத் தூக்கி ஒரு கணம் யோசித்து, சாப்பாட்டு மேசையின்மேல் வால் பக்கமாக உட்கார்ந்தது.

“இன்னும் எத்தனை தடவை அதை எறியப் போறீங்க?” என்றாள் பல் டாக்டரின் மனைவி.

“எறியலை. சோதிக்கிறேன்.”

“சரி. இன்னும் எத்தனை தடவை சோதிச்சுட்டு எறியப் போறீங்க?”

டாக்டர் இறக்கையின் நுனியைத் துடைத்தார். தக்கையைவிட இலேசான மரத்தில் அவரே செதுக்கிய விமானம் அது. அதன் மூக்கின்மேல் விரல் பருமனில் ஒரு ராக்கெட் குழாய் பொருந்தும். பொத்தானை அழுத்தினால் ராக்கெட் கிளைடரைச் செங்குத்தாக மேலே கொண்டுபோக வேண்டும். உச்சியில் குழாய் தானாகக் கழன்று விழ வேண்டும். பாரம் நீங்கிய கிளைடர் வட்டமிட்டபடி, அவசரமில்லாமல் தரைக்கு வர வேண்டும். இந்த மூன்று ‘வேண்டும்’களில் முதலாவது மட்டுமே இதுவரை நடந்திருந்தது, அதுவும் செங்குத்தாக அல்ல.

இதற்கிடையில் மனைவியின் தம்பிக்கு இந்த ஊருக்கு மாற்றலாகியிருந்தது. வங்கியில் வேலை. மாதக் கடைசிவரை வங்கியின் விருந்தினர் அறையில் இருக்கலாம். அதன் பிறகு அக்கா வீடு என்று மாமனார் முடிவு செய்திருந்தார். அக்கா வீட்டில் காலியாக இருந்தது பின்னறை ஒன்றுதான். ‘காலி’ என்பது மனைவியின் சொல். டாக்டரைப் பொறுத்தவரை அங்கே ஒரு பட்டறை இருந்தது. நான்கு கிளைடர்கள் இருந்தன. கதவைச் சாத்தினால் யாரும் வாயைத் திறந்து காட்டாத அமைதி இருந்தது.

“மூணு வருஷமா அந்த ரூமை அடைச்சு வெச்சிருக்கீங்க. அது ஒழுங்கா பறந்து ஒரு நாள் நான் பார்த்ததில்லை” என்றாள் மனைவி. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். மேலே போகணும், குழாய் கழலணும், வட்டமடிச்சு இறங்கணும். இறங்குச்சுன்னா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா தம்பிக்கு.”

“இதை அவன்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்னான்.”

மைத்துனன் ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே வந்து, பின்னறை வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தான்.

“அத்தான், இந்த ஜன்னலைச் சாத்தி வைக்கலாமே. பசை காயறப்ப காத்து பட்டா இறக்கை வளைஞ்சுடாதா?”

இன்னும் குடியே வரவில்லை, அதற்குள் ஜன்னலைச் சாத்துகிறான் என்று டாக்டர் மனத்துக்குள் குறித்துக்கொண்டார். ஜன்னலை அகலத் திறந்துவைத்தார். மறுநாள் காலையில் இடது இறக்கை வளைந்திருந்தது.

புது இறக்கை ஒட்டியதில் பின்பக்கம் கனத்துவிட்டது. மூக்கில் எடை ஏற்ற வேண்டும். டாக்டர் கிளினிக்கிலிருந்து, பல் செட்டுக்கு அச்செடுக்கும் இளஞ்சிவப்பு மெழுகைக் கொண்டுவந்து, மூக்கில் அப்பி, வழித்து, மெருகேற்றினார். கூடத்தில் கிளைடர் அழகாக மிதந்தது. மெழுகு வெயிலில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததன்று. வாய்க்குள் வெயில் அடிப்பதில்லை என்பதால் அதைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

மைதானத்தில் அவர் ராக்கெட்டைப் பற்றவைக்கும் கம்பிகளை இணைத்து முடிப்பதற்குள் மைத்துனன் குனிந்து பார்த்தான்.

“அத்தான், மூக்குல இருந்ததெல்லாம் வயித்துக்கு வந்துடுச்சு.”

“தள்ளி நில்லு மச்சான். எனக்குத் தெரியும்.”

கிளைடர் புறப்பட்டது. தென்னை உயரம் போனதும் மனம் மாறி, ஒரு முழுக் கரணம் அடித்து, அவர்களை நோக்கித் திரும்பியது. இருவரும் ஒரே சமயத்தில் தரையில் படுத்தார்கள். உறவு ஏற்பட்ட நாளிலிருந்து அவர்கள் கருத்தொருமித்துச் செய்த முதல் காரியம் அது.

“ஐயோ, போச்சே” என்றான் மைத்துனன். அவன் முகம் வெளிறியிருந்தது. வங்கியில் இருப்பவனுக்கு நடிப்பு இவ்வளவு நன்றாக வரும் என்று டாக்டர் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து மூக்குக்கு, பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர். அது உருகாது, ஆனால் கனம் அதிகம். மூக்கு கவிழ்ந்ததால், அதைத் தூக்கிப் பிடிக்க வாலின் விளிம்பை மேல்நோக்கி வளைத்தார். கூடத்தில் கிளைடர் இறங்கிய விதத்தைப் பார்த்து மனைவிகூட “ம்” என்றாள். ஆனால் மெதுவாக மிதக்கும்போது மூக்கைத் தாங்குகிற வளைவு, ராக்கெட்டின் வேகத்தில் விமானத்தையே புரட்டிப் போடும். மைதானத்தில் அது புரட்டிப் போட்டது. கிளைடர் காற்றில் சுருள் சுருளாக வட்டம் வரைந்து, டாக்டருடைய காரின் முன்கண்ணாடியில் முடித்தது. பிளாஸ்டர் மூக்கில் ஒரு கீறலும் இல்லை.

“ரூமைத்தானே பந்தயம் கட்டினோம்?” என்றாள் மனைவி, கண்ணாடியைப் பார்த்துவிட்டு. “காரையும் சேர்த்தது யாரு?”

“அக்கா, அத்தானை ஒண்ணும் சொல்லாதே. அவர் மனசு தளர்ந்துடக் கூடாது” என்றான் மைத்துனன்.

எதிராளியின் இரக்கம் டாக்டருக்கு எதிராளியைவிடக் கசந்தது. அவர் இரண்டு நாள் யோசித்து, வேலையை முறையாகச் செய்தார். குழாய் மாட்டியிருக்கும்வரை வால் தட்டையாக இருக்கும். குழாய் கழன்றதும் ஒரு ரப்பர் வளையம் அதை மேலே இழுக்கும். வளையம் மிகச் சிறியதாகவும் இழுவை மாறாததாகவும் இருக்க வேண்டும். அத்தகைய வளையம் கிளினிக்கில் ஒரு டப்பா நிறைய இருந்தது.

“டாக்டர், பல்லுக்குக் கம்பி கட்டின பொண்ணு வெளியே உக்காந்திருக்கு” என்றாள் நர்ஸ். “ரப்பர் டப்பாவைக் காணோம்.”

“திங்கக்கிழமை வரச் சொல்லு.”

“அதுவரைக்கும் பல்லு?”

“எங்கேயும் போகாது.”

குழாயும் மூக்கும் சேருமிடத்தையும் அவர் புதிதாகச் செய்தார். பல்லின்மேல் உறை மாட்டுவதைப் போல, இடையில் காகிதம் நுழையாத பொருத்தம். சனிக்கிழமை காலை கிளைடர் முதன்முதலாகச் செங்குத்தாகப் போனது. உச்சியில், குழாயை உதறித் தள்ள வேண்டிய கடைசி மருந்து ‘டப்’ என்று வெடித்தது. குழாய் கழலவில்லை. இரண்டும் பிரியாமல், மூக்கு கீழாக, சேற்றில் வந்து குத்தி நின்றன.

மைத்துனன் ஓடிப்போய் எடுத்து, குழாயை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

“இது கழலணும் அத்தான். கழலாம இருக்க வேண்டியது பல்லுதான்.”

“இருபது வருஷமா பொருத்தற கை மச்சான் இது. பொருத்தத்துல குறை சொல்லாதே. மருந்து வேகம் போதலை, அவ்வளவுதான்.”

“லேசா தேய்ச்சா...”

“தேய்க்கக் கூடாது.”

திருத்தத்தை எதிராளி சொன்னால் அது திருத்தமாகாது என்பதில் டாக்டர் உறுதியாக இருந்தார். சேற்றைக் கழுவி, விரிசலை ஒட்டி, கிளைடரைக் கூடத்து அலமாரியின்மேல் காயவைத்தார். அன்றிரவு மைத்துனன் அங்கேயே தங்கினான். அவன் செருப்பை எங்கே விட வேண்டும், துண்டை எந்தக் கொடியில் போட வேண்டும், எத்தனை மணிக்குப் பிறகு போன் பேசக் கூடாது என்பதையெல்லாம் அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

ஞாயிறு காலை, மனைவி குடையுடன் மைதானத்தில் வந்து நின்றாள். டாக்டர் குழாயை மூக்கில் மாட்டினார். அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவர் கை நின்றது.

“யாரு இதைத் தேய்ச்சது?”

மைத்துனன் தரையைப் பார்த்தான்.

“நான்தான் அத்தான். உப்புத்தாள் வெச்சு, கொஞ்சமா.”

“பார்த்தியா?” என்றார் டாக்டர் மனைவியிடம். “ரூமுக்காக ஒருத்தன் எந்த அளவுக்கு இறங்குவான்னு பார்த்துக்கோ. இது பாதி வழியிலேயே கழண்டுடும்.”

“கழலட்டும். வெயில் ஏறுது, பொத்தானை அழுத்துங்க.”

அவர் அழுத்தினார்.

கிளைடர் ஒரு சீறலுடன் நேராக ஏறியது. வளையவில்லை, புரளவில்லை. கண்ணுக்குச் சிறு கோடாகத் தெரிந்த இடத்தில் வேகம் தணிந்து, ‘டப்’ என்ற ஒலி சற்றுத் தாமதமாகக் கீழே வந்து சேர்ந்தது. குழாய் தனியே பிரிந்து, வேகம் தணிக்கக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அசைத்துக்கொண்டு விழுந்தது. வால் நிமிர்ந்தது. கிளைடர் ஒருமுறை தலையசைத்து, இடப்பக்கம் சாய்ந்து, வட்டமிடத் தொடங்கியது. வட்டங்கள் அகலமாக, ஒன்றுக்கொன்று மாறாமல், கீழே கீழே வந்தன. சத்தமே இல்லை. மூவரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக டாக்டர், திறந்த வாய் எதையும் கவனிக்கவில்லை. கிளைடர் கடைசியாக மனைவியின் குடை நிழலைத் தொட்டு, புல்லில் அமர்ந்தது.

அவள் குடையை மடக்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் பிறகு. “சொன்ன சொல் சொல்லுதான். ரூம் உங்களுக்கு.”

டாக்டர் திரும்பினார். மைத்துனன் புல்லில் உட்கார்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

ஒரு வாரக் கோபம் டாக்டருக்கு அந்த இடத்திலேயே கரைந்துபோனது. அழுகிற மனிதரைப் பார்த்தால் ஏதாவது செய்து அதை நிறுத்திவிடுவது அவருடைய தொழிற்பழக்கம். பறக்க வேண்டியது பறந்துவிட்டது. ஜெயித்தவருக்கு ஓர் அறை என்ன பெரிது என்றும் தோன்றியது.

“எழுந்திரு மச்சான். அழாதே. ரூம் உனக்குத்தான். இன்னிக்கே பெட்டியை எடுத்துட்டு வந்துடு.”

மைத்துனன் கையை முகத்திலிருந்து எடுத்தான்.

“இல்லை அத்தான், வேண்டாம். நீங்க ஜெயிச்சிருக்கீங்க...”

“வேண்டாம்னு சொன்னா எனக்கு வருத்தம்.”

“அத்தான், தயவுசெஞ்சு நான் சொல்றதை...”

“ஒண்ணும் சொல்லாதே. குடுத்தாச்சு.”

மனைவி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். “அப்பா, இவரே வாயைத் திறந்து ரூமைக் குடுத்துட்டார்ப்பா. ஜெயிச்சுட்டுக் குடுத்தார்.” மாப்பிள்ளை என்றால் இவரல்லவா மாப்பிள்ளை என்று மாமனார் சொன்னது, காதில் வைக்காதவர்களுக்கும் கேட்டது. டாக்டர் அடக்கமாகத் தலை குனிந்து, மைத்துனனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மைத்துனன் அக்காவின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“சந்தோஷத்துல அழுதேன் அத்தான்; உங்க வீட்ல இடம் இல்லைன்னு ஆனா மட்டும் தனியா இருந்துக்கோன்னு அப்பா சொல்லியிருந்தார்.”