வழியனுப்பு விழாவில் ஒரு ஒமெதெத்தோ

நாலு பேர் கூடி நின்றால், என்ன ஏதென்று எட்டிப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுவதைக்கூட முன்வரிசையில் நின்று பார்த்தவன் நான். (ஒட்டியவரே நிமிர்ந்து, "சார், உனுக்கு இன்னா வோணும்?" என்று கேட்டுவிட்டார்.) உள்ளூரில் இந்த வியாதியால் ஆபத்தில்லை. ஜப்பானில்தான் முற்றிவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் மெஷின் ஆபரேட்டர். ஜப்பானிலிருந்து புது மெஷின் ஒன்று வாங்கினார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வரும்படி என்னையும், என்னோடு வேலை செய்யும் சோழவரத்துப் பாபுவையும் நகோயாவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே போய் இறங்கியதும் நான் தேடியது ஹாரன் சத்தத்தை. இல்லவே இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று இரண்டு முறை குடைந்து பார்த்தேன். விடியற்காலையில் ஒரு பெரியவர் சிக்னலில் நின்றிருந்தார். ரோட்டில் ஈ காக்கா கிடையாது. ஆனாலும் சிவப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்து அசையாமல் நிற்கிறார். பாதி ரோடு தாண்டிவிட்ட நாங்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டோம்.

"வண்டியே இல்லியேணே, யாருக்கோசரம் நிக்கிறாரு?" என்று பாபு கிசுகிசுத்தான்.

தெருவில் குப்பைத்தொட்டியும் கிடையாது. ஒருநாள் முழுக்க வாழைப்பழத் தோலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷின் பாடம் படித்தேன். ரயிலில் அத்தனை பேரும் மௌனவிரதம். அந்த அமைதியில் பாபுவின் செல்போன் குத்துப்பாட்டோடு அலற, அவன் பதறிப்போய் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். பாட்டு நிற்கவில்லை, அவனுக்குக் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மோரிதா. ஒல்லியான, சிரிக்காத மனிதர். நாங்கள் செய்த முதல் பீஸ் சோதனையில் தேறியபோது மட்டும் கை குலுக்கி, "ஒமெதெத்தோ!" என்றார். வாழ்த்துகள் என்று அர்த்தமாம். அந்த வார்த்தை எனக்கு வெல்லமாக இனித்தது. எங்கே பயன்படுத்தலாம் என்று நாக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினோம். ஒரு பெரிய மண்டபத்து வாசலில் வரிசை நின்றது. எல்லோரும் கறுப்புக் கோட்டு. வாசலில் பூக்கள், ஒரு பெயர்ப் பலகை. செல்போன் கேமராவைப் பலகைக்கு நேராகப் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன். 'வழியனுப்பு விழா' என்று காட்டியது.

"ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன்டா!" என்றேன்.

"அப்ப சாப்பாடு இருக்கும்ணே" என்றான் பாபு.

குளிருக்கு நாங்களும் கறுப்பு ஜெர்கின்தான் போட்டிருந்தோம். வரிசையில் பொருத்தமாகச் சேர்ந்துகொண்டோம். வாசல் மேஜையில் கையெழுத்துக் கேட்டார்கள். தமிழில் சுழித்துப் போட்டேன். உள்ளே ஊதுவத்தி வாசனை. (நம் ஊரில் ஊதுவத்தி இல்லாமல் எந்த விழா தொடங்குகிறது?) மேடையில் பூக்களுக்கு நடுவே ஒரு பெரியவரின் சிரித்த படம். அதன் கீழே நீளமாக ஒரு வெள்ளைப் பெட்டி.

"பீரோ குடுக்குறாங்க போலக்கீது" என்றான் பாபு.

மேடையோரம் கறுப்பு உடையில் ஒரு அம்மாள், வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். விழா நாயகரின் மனைவி என்று புரிந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் ஏதோ பொடியைத் தணலில் போட்டுக் கும்பிட்டார்கள். அது உள்ளூர்ச் சடங்கு, நமக்கெதற்கு என்று நேராக அந்த அம்மாளிடம் போனேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, பல்லெல்லாம் தெரிய, மண்டபமே கேட்கும்படி சொன்னேன்:

"ஒமெதெத்தோ!"

ஜப்பானில் அதுவரை நான் பார்த்தது அமைதியே இல்லை. அன்றைக்குத்தான் உண்மையான அமைதியைப் பார்த்தேன். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். திரும்பினேன். மோரிதா! முகம் வெளுத்திருந்தது.

"அவர் இறந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "என் குரு. அந்தப் பெட்டியில் இருக்கிறார்."

வேலை போனால் போகட்டும். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் பல்லைக் காட்டிவிட்டேனே! "ரிட்டயர்மென்ட்... எங்கள் ஊரில்... வழியனுப்பு விழா என்றால்..." என்று உளறினேன். அழுகை வந்துவிட்டது. பாபு எனக்கு முன்பே அழத் தொடங்கியிருந்தான்.

மோரிதா தலைகுனிந்து அந்த அம்மாளிடம் நான் உளறியதை விளக்கினார். அந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஐயோ, மறுபடியும் அழ வைத்துவிட்டோமே என்று நான் இன்னும் பலமாக அழுதேன். கைக்குட்டை விலகியபோதுதான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீரும் இருந்தது. மோரிதாவிடம் ஏதோ சொன்னார். சிரிக்காத மோரிதாவின் உதடும் கோணியது.

"என் குரு ஓய்வு பெற்ற பிறகும் தினமும் தொழிற்சாலைக்கு வந்து மெஷினைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் இருங்கள் என்று இந்த அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாராம். 'இந்தப் பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். இன்றைக்குத்தான் அவர் ரிட்டயர் ஆகியிருக்கிறார்' என்கிறார்."

பிறகு அந்த அம்மாளே எங்களை அழைத்துப்போய் அந்தப் பொடியை எப்படிப் போடுவதென்று காட்டினார். இருவரும் போட்டுக் கும்பிட்டோம். கிளம்பும்போது எல்லோருக்கும் கொடுத்ததைப் போல எங்களுக்கும் ஒரு தேயிலைப் பொட்டலம் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் பாபு இதைத் தொழிற்சாலை முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தான். என் மனைவி செல்வியிடமும் ஒப்பித்துவிட்டான். அன்றிலிருந்து எந்த அழைப்பிதழ் வந்தாலும் அவள் முதலில் படித்து, "சிரிக்கலாம்" அல்லது "சிரிக்காத" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுக்கிறாள்.

போன மாதம் என் மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். செவ்வாப்பேட்டையில் மண்டபம் பிடித்து, பிரியாணி போட்டு விழா. சால்வையோடு மேடையேறிய என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று செல்வியைத் தேடினேன். முன்வரிசையிலிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"எங்கப்பா உசுரோடத்தான்யா கீறாரு! தைரியமா வாழ்த்து சொல்லு!"

மண்டபமே சிரித்தது. மாமனார் மட்டும் ஒரு தடவை தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.