மாமாவுக்கு ஒதுக்கிய இடம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்புள்ள ஸப்வான் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு உம்மா, வாப்பா, ராத்தா, நான் எல்லோரும் நலம். கட்டார் வெயிலில் நீங்களும் நலமாக இருக்கத் துஆச் செய்கிறோம். நீங்கள் அனுப்பிய மடிக்கணினியும் நலம். அதில் இடம் மட்டும் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ராத்தாவின் நிக்காஹ்வைப் படம்பிடித்த ஜவ்பர் நானா, மறுநாள் காலை வீடியோத் துண்டுகளை நம் கணினியில் ஏற்ற வந்தார். "இடம் காணுமா புள்ள?" என்று கேட்டார். மற்றவர்களைப் போல நானும் திரையின் மூலையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நானோ சி மொழியில் நானே எழுதிய நிரலை ஓட்டினேன். சி மொழியில் statvfs என்றொரு சார்பு உண்டு. ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால், அது இருக்கும் வன்தட்டில் மொத்தம் எத்தனை கட்டங்கள், எத்தனை வெறுமையாக உள்ளன என்று ஒரு கட்டமைப்பில் நிரப்பித் தரும். நான் f_bfree என்ற எண்ணை எடுத்து, கட்டத்தின் அளவால் பெருக்கி, போதுமென்றால் "தாராளமாக இடம் உண்டு" என்று திரை முழுக்கக் காட்ட வைத்திருந்தேன். ஜவ்பர் நானா ஏற்றத் தொடங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கைகழுவி வந்தபோதும் "தாராளமாக இடம் உண்டு" என்றே இருந்தது. இடம் போதாது என்ற அறிவிப்பு அதற்குப் பின்னால் மறைந்து கிடந்தது. அவர் கமெராவின் நினைவக அட்டையைக் கழற்றி, அழித்து, மூதூரில் இன்னொரு கலியாணத்தை அதே அட்டையில் பிடித்துவிட்டார். எங்களிடம் உள்ள வீடியோ, மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுவதோடு நிற்கிறது. அவர் இன்னும் உள்ளே வரவில்லை.

ராத்தா தங்கையான என்னோடு கதைப்பதில்லை. நான் கைந்நூலை மறுபடி படித்தேன். f_bfree என்பது எல்லா வெற்றிடமும். நம்மைப் போன்றவர்கள் பாவிக்கக்கூடியது f_bavail மட்டுமே. மிச்சம் நிர்வாகிக்கு ஒதுக்கியது. இதை வீட்டில் விளக்கினேன்.

"சும்மா கிடக்கிற இடத்த ஆருக்கு ஒதுக்கி வைச்சிருக்கு?" என்றார் வாப்பா.

"நம்மட அலுமாரியில விருந்தாளிக்கு வைச்சிருக்கிற கோப்பை மாதிரி," என்றார் உம்மா. "வீட்டாக்கள் தொட ஏலாது. ஆரு புள்ள அந்த நிர்வாகி?"

"கடவுச்சொல் வைச்சிருக்கிறவங்க. ஸப்வான் மாமா."

வாப்பா கதிரையை விட்டு எழும்பினார். "மச்சான் கட்டாருக்குப் போயும் எண்ட வீட்டில இடம் பிடிச்சு வைச்சிருக்காரா!"

"எண்ட தம்பிய ஒண்டும் சொல்லாதீங்க. அவன் வந்தா இருக்க ஒரு இடம் வேணாமா?"

இப்போது அவர்கள் இருவரும் கதைப்பதில்லை.

ஆகவே மாமா, நிக்காஹ்வை நீங்கள் அங்கிருந்து வீடியோக் கோலில் பார்த்தீர்கள்தானே. அதைப் பதிவு செய்திருந்தால், மாப்பிள்ளை உள்ளே வந்த பிறகு நடந்ததைத் தயவுசெய்து அனுப்புங்கள். இந்த வீட்டில் கதை மீண்டும் தொடங்க வேறு வழி தெரியவில்லை. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத சேமிப்பிடமும் தருவானாக.

இப்படிக்கு,
மருமகள் றுஷ்தா

பி.கு.: அனுப்பும் முன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ள உள்ள வந்ததுக்குப் பிறகு என்ன கிடக்கு?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, நிக்காஹ் நடத்திய லெப்பை சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல ஏலாமல் வாப்பாவே விம்மி விம்மி அழுதது கிடக்கிறது என்றேன். "அனுப்ப வேணாம் எண்டு எழுது. மச்சானை நான் ஒண்டும் சொல்லல்ல எண்டும் எழுது," என்றார். எழுதிவிட்டேன். ராத்தாவின் கைபேசிக்கு அனுப்புங்கள்.